அப்பாவின் கட்டிங் நோட்டுகளை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பது எப்படி

முதலில் கத்தரிக்கோலை எடுத்து எங்கேயாவது ஒளித்து வையுங்கள். கூடவே செலோடேப், கோந்து, லேமினேஷன் போடலாமா என்ற யோசனை, எல்லாவற்றையும். என் அப்பா விட்டுப்போன 11 கட்டிங் நோட்டுகளில் ஒன்றை நானே, மிகுந்த பாசத்தோடு, பாழாக்கினேன். மீதிப் பத்தும் தப்பித்ததற்குக் காரணம் அந்த வாரம் எனக்கு முதுகுவலி வந்ததுதான்.

அப்பா விருதுநகரில் ஒரு வற்றல் மண்டியில் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாரத்துப் பேப்பரையெல்லாம் விரித்துப் போட்டு, பிடித்த செய்திகளை வெட்டி ஒட்டுவார். அம்மா மைதாவைக் கிண்டிப் பசை காய்ச்சித் தர வேண்டும். பூச்சி வராமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். இதற்கென்று தனியாக நோட்டு வாங்கக் காசு செலவழிக்கிற ஆளா அவர்? மண்டியில் கழித்துப் போட்ட பழைய பேரேடுகளைத் தூக்கி வந்து அதன்மேலேயே ஒட்டினார். 1961-ல் தொடங்கி 1984 வரை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினுக்கும் இந்தக் கட்டிங் பைத்தியம் உண்டு. பசைத் தொல்லை பொறுக்காமல், ஈரம் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் பக்கங்கள் வைத்த ஆல்பத்துக்கு 1873-ல் காப்புரிமையே வாங்கினார். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் ஒன்று வரவழைக்கச் சொல்லியிருப்பாள்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பரணிலிருந்து அந்த ட்ரங்க் பெட்டியை இறக்கினேன். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் சாதாரண மனிதர்களின் தாள்களையும் வாங்கிக்கொள்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கட்டுமே என்று ஒரு நோட்டைப் பிரித்தேன். பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு பக்கமாக ஊறவைத்து, கட்டிங்குகளை உரித்து, காயவைத்து, ‘காமராஜர்’, ‘புயல்’, ‘நாடகம்’, ‘விலைவாசி’ என்று ஃபைல் போட்டேன். 40 பக்கம் முடிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது.

காப்பகத்திலிருந்து வந்த தம்பி அந்த ஃபைல்களைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “அடியில இருந்த தாள் எங்கம்மா?”

அடியில் இருந்தது 1956-57 பேரேடு. கட்டிங் ஒட்டாத ஓரங்களிலும், தாளின் பின்பக்கத்திலும் கணக்கு அப்படியே இருந்திருக்கிறது. வற்றல் மூட்டை விலை, வண்டிக் கூலி, தரகு, யார் எவ்வளவு பாக்கி. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணாவுக்குப் பதிலாக நயா பைசா என்ற புதுக் காசு வந்தது. அதற்கு முந்தைய பக்கங்களில் அணா, அதற்குப் பிந்தைய பக்கங்களில் நயா பைசா, நடுவில் கொஞ்ச நாள் இரண்டும் போட்டுக் குழம்பிய கணக்கு. தினமணியின் பழைய இதழ் எங்காவது ஒரு நூலகத்தில் கிடைக்கும். அந்த மண்டியின் பேரேட்டுக்கு உலகத்திலேயே ஒரே பிரதிதான். அதைத்தான் நான் தாம்பாளத்தில் கரைத்துச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன்.

ஆக, முதல் விதி: அழகுபடுத்தாதீர்கள்.

இரண்டாவது விதியும் அதன் தங்கைதான்: அடுக்கை மாற்றாதீர்கள். அந்தத் தம்பி இதை ‘வந்த அடுக்கு’ என்று சொன்னார். ஒருவர் தன் தாள்களை எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையே ஒரு தகவல். எங்கள் மூன்றாம் நோட்டில் 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல் செய்திகள் நான்கு பக்கத்துக்கு இருக்கின்றன. அந்தப் பக்கங்களுக்கு நடுவே ராமேஸ்வரத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் போஸ்ட் கார்டு ஒன்று செருகியிருந்தது: நாங்கள் எல்லோரும் சுகம், வீட்டுக் கூரை மட்டும் போயிற்று. கடிதத்தைக் கடிதங்களோடு, கட்டிங்கைக் கட்டிங்குகளோடு என்று நான் பிரித்திருந்தால், அப்பா எதற்காக அந்த ஒரு புயலுக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கினார் என்பது யாருக்கும் புரிந்திருக்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன?

பெட்டியைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன் போனில் படம் எடுங்கள். மேலடுக்கு, அதை எடுத்த பிறகு அடுத்த அடுக்கு, இப்படியே அடிவரை. ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எண் போட்டு உள்ளே வையுங்கள். நோட்டுக்குள் செருகியிருக்கும் எதையும் வெளியே எடுக்க வேண்டாம். தானாக விழுந்துவிட்டால் ‘நோட்டு 3, பக்கம் 41-க்கும் 42-க்கும் நடுவில்’ என்று ஒரு சீட்டு எழுதி அங்கேயே திரும்ப வைத்துவிடுங்கள். வேப்பிலைச் சருகு, வசம்புத் துண்டு இருந்தால்கூட அதையும் குறித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பேனா பக்கத்திலேயே வரக்கூடாது.

எடுத்து எறிய வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று ரப்பர் பேண்ட். அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். மற்றது துருப்பிடித்த குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின். வெடுக்கென்று இழுத்தால் தாளும் கூடவே வரும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் துண்டாக வெட்டிப் பின்னுக்கும் காகிதத்துக்கும் நடுவில் நுழைத்து, பின்னின் கால்களை நிமிர்த்தி மெதுவாக எடுங்கள். எடுத்த பிறகு வேறு பின் குத்தாமல், அந்தத் தாள்களை ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து அதற்குள் சேர்த்து வைத்தால் போதும்.

தூசிக்கு மெத்தென்ற பெயிண்ட் பிரஷ். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். முகக்கவசம் கட்டாயம்; இதில் அசட்டை வேண்டாம், பழைய நோட்டின் பூஞ்சணம் நெஞ்சைப் பிடித்துவிடும். என் அப்பா மாதிரி மயில்துத்தப் பசை ஆசாமிகளின் நோட்டாக இருந்தால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அது விஷம். பூச்சியை விரட்டியது உண்மைதான், ஆனால் செம்பு உப்பு தாளையும் மெல்ல அரிக்கும். ஈரத்துணியால் துடைப்பது, வெயிலில் காயப்போடுவது, பூச்சிமருந்து அடிப்பது எதுவுமே கூடாது. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் வெயிலில் போடு என்பார்கள். அரிசிக்குச் சரி, காகிதத்துக்கு ஆகாது. மை வெளுத்துத் தாள் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஈரம் இருந்தால் நிழலில் மின்விசிறிக் காற்று போதும். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் தனிப் பையில் போட்டு ‘பூஞ்சணம்’ என்று எழுதி வையுங்கள், காப்பகத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

அந்துருண்டையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். அந்த நாற்றம் தாளை விட்டுப் போகவே போகாது, படிக்க வருகிறவருக்குத் தலைவலி. வெள்ளிப்பூச்சி, அதாவது நம் பாட்டிகள் சொன்ன ராமபாணம், உயிரோடு ஊர்ந்தால் உறையவைப்பதுதான் வழி. நோட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். காப்பகங்களில் இதை மைனஸ் 20 டிகிரியில் செய்கிறார்கள். வீட்டு ஃப்ரீசரைக் கதவைத் திறந்து திறந்து மூடாமல் இருந்தால் அதற்குக் கிட்டத்தட்ட வரும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது; ஒரு முழுநாள் அப்படியே கிடக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொண்டு, பூச்சி போய்ப் பூஞ்சணம் வரும். கண்ணாடித் தகட்டில் எடுத்த பழைய போட்டோ நெகட்டிவ் இருந்தால் அதை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். என் வீட்டில் இரண்டு வாரம் ஐஸ்கட்டி கிடையாது. பேரன் இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

செய்தித்தாள் ஏன் பழுப்பாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு வேலையும் புரியும். அது மரக்கூழில் செய்த மலிவுத் தாள். மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே அதில் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுத்து அமிலமாகிறது. அந்த அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். கட்டிங்கோடு மடித்து வைத்த கடிதத்தில் அதே அளவில் ஒரு பழுப்புச் சதுரம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் கடிதத்தின்மேல் கட்டிங் கிடந்தால் இரண்டையும் பிரிக்காமல், நடுவில் ஒரு நல்ல வெள்ளைத் தாளை மட்டும் நுழையுங்கள். அமிலமில்லாத் தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் காப்பகத்துக்குப் போகும்வரை ஏ4 தாள் தாங்கும்.

புகைப்படங்களுக்குப் பின்னால், ஓரமாக, மெத்தென்ற பென்சிலால் பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்தித் தடம் விழும். பசை தடவிய அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் மூடுகிற ஆல்பங்கள் எண்பதுகளில் எல்லா வீட்டிலும் வந்தன; அதிலிருந்து படம் சுலபமாக வராவிட்டால் இழுக்காமல் ஆல்பத்தோடு கொடுத்துவிடுங்கள்.

இப்போது யாரிடம் கொடுப்பது. ‘பெரிய மனிதர்களின் தாள்களைத்தான் வாங்குவார்கள்’ என்று என் அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி உண்மை. பல்கலைக்கழகங்கள் முதலில் தங்களிடம் வேலை பார்த்தவர்களைத்தான் பார்க்கும். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜனின் நாட்குறிப்பும் கையெழுத்துப் படிகளும் அவர் பாடம் நடத்திய சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அங்கேயே பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் தாள்களும் அங்கேதான். ஆனால் சைன் போர்டு எழுதுகிற வேலை பார்த்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு என்ன ஆயிற்று? அவர் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994-ல் சென்னையிலேயே நூலகமாக நிறுத்தியது. விஞ்ஞானிகளின் தாள் என்றால் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் வீட்டு ஆவணம் என்றால் மின்வடிவில் சேர்க்கும் நூலகம் நிறுவனத்தை அணுகலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். முதலில் ஒரு பக்கத்துக்குக் கடிதம்.

நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: ‘விருதுநகர் வற்றல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவரின் தாள்கள். 1955 முதல் 1984 வரை. பழைய பேரேடுகளில் ஒட்டிய செய்தித்தாள் நறுக்குகள் 11 நோட்டு, கடிதங்கள் சுமார் 300, நாட்குறிப்பு 6, நாடக நோட்டீஸ் ஒரு கட்டு. எல்லாம் தமிழ். இரண்டு நோட்டில் பூச்சி அரிப்பு, ஒரு நோட்டு பிரிந்திருக்கிறது. உரிமை மூன்று பிள்ளைகளுக்கும், மூவரும் சம்மதம். சேர்த்து வைத்தால் இரண்டு அடி அலமாரி இடம்.’ கடைசி வரி அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. காப்பகத்தில் எல்லாவற்றையும் அலமாரி நீளத்தில்தான் அளக்கிறார்கள். ‘பிரிந்திருக்கிறது’ என்று பட்டும்படாமல் எழுதியது என் சாமர்த்தியம்.

எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்பதில் நம் கணக்கு தலைகீழாக இருக்கும். நான் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுபோன பொன்னாடை, கேடயம், பாராட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ், கடையில் இன்றும் கிடைக்கும் புத்தகம் எல்லாம் திரும்பி வந்தன. மளிகைச் சிட்டை, வட்டிக் கணக்கு எழுதிய சிகரெட் அட்டை, கோயில் வரி ரசீது, முகூர்த்த நாள் குறித்த பஞ்சாங்க ஓரம் எல்லாம் உள்ளே போயின. ஆகவே ‘இது குப்பை’ என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். ஆதார் நகல், இன்னும் புழக்கத்தில் இருக்கும் பாஸ்புக், உயிரோடு இருப்பவர்களின் மருத்துவச் சீட்டு, இவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கொடுத்தால் மட்டும் போதாது, யார் யார் என்று சொல்லியும் கொடுக்க வேண்டும். கணித மேதை ராமானுஜனின் கடைசி காலத் தாள்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர் 1920-ல் இறந்தார். தாள்கள் கைமாறி இங்கிலாந்தில் வாட்சன் என்ற கணிதப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தன. 1965-ல் வாட்சன் இறந்தபோது ஓர் அறை முழுக்க ஓர் அடி உயரத்துக்குக் காகிதம் கொட்டிக் கிடந்ததாம். சில நாளில் எரிக்கப்போகிறார்கள். இரங்கல் குறிப்பு எழுதுவதற்காகப் போன விட்டேக்கர் என்ற கணிதவியலாளர் கைவிட்டுத் துழாவியதில் ராமானுஜன் எழுத்து அகப்பட்டது. 1968-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போயிற்று. நெருப்பிலிருந்து தப்பியும் எட்டு ஆண்டு ஒரு பெட்டிக்குள் கிடந்து, 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் அந்தப் பெட்டியைத் திறந்த பிறகுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. ராமானுஜனுக்கே அந்தக் கதி என்றால் வற்றல் மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு எத்தனை ஆண்டு ஆகும்?

அதனால் உட்கார்ந்து ஒரு பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கடிதங்களில் ‘சின்னவன்’ என்று மூன்று பேர் வருகிறார்கள். பெரியப்பா எழுதினால் சின்னவன் அப்பா, அப்பா எழுதினால் சித்தப்பா, ஆச்சி சொல்லி எழுதவைத்தால் என் அண்ணன். ‘மேலத்தெரு’ என்றால் தெரு இல்லை, அது ஒரு வீடு. ‘பெரிய கடை’ என்றால் அப்பாவின் முதலாளி. இதெல்லாம் எனக்கும் என் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். அக்காவுக்கு 74 வயது. இந்தப் பட்டியலுக்கு மூன்று சாயங்காலமும் நிறைய காபியும் ஆயிற்று. காப்பகத்தார் எங்களிடம் வாங்கியதிலேயே உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

அக்காவோடு சண்டை வந்ததும் அப்போதுதான். சில கடிதங்களில் எங்கள் குடும்பத்துக் கடன், நின்றுபோன ஒரு கல்யாணப் பேச்சு. எரித்துவிடலாம் என்றாள். அதற்கு வழி இருக்கிறது: தனி உறையில் போட்டு, இத்தனை ஆண்டு யாருக்கும் காட்டக் கூடாது என்று கொடைப் பத்திரத்திலேயே எழுதலாம். நாங்கள் 25 ஆண்டு என்று போட்டோம். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்முன் மூன்று விஷயம் பாருங்கள். வேண்டாமென்று கழிப்பதைத் திருப்பித் தருவார்களா, அழிப்பார்களா? ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பிரதி உண்டா? இணையத்தில் போட அனுமதி கேட்கிறார்களா? கடிதம் காகிதமாக நம்முடையது, ஆனால் அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பிறகு அவர் வாரிசுகளுக்கும். அப்பா எழுதியதற்கு நாங்கள் சம்மதம் தரலாம். அப்பாவுக்கு வந்ததற்குத் தர முடியாது.

அனுப்பும்போது ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாள் அட்டைப்பெட்டி நல்லது. நோட்டுகளைப் படுக்கவைத்து, பாதிக்கு மேல் நிரப்பாமல், எண் வெளியே தெரிய அடுக்குங்கள். பார்சலில் போடாமல் நாங்களே ரயிலில் கொண்டுபோனோம்.

போன மாதம் காப்பகத்தின் வாசிப்பறைக்குப் போனேன். பையை வெளியே வைக்க வேண்டும், பேனா கூடாது, ஒரு தடவைக்கு ஒரு பெட்டிதான். விவரப் பட்டியலில் எங்கள் பெட்டியைத் தேடினேன். ‘நோட்டு 6: கொடையாளரால் பிரிக்கப்பட்டது. நறுக்குகள் கொடையாளரின் பொருள் வரிசையில், 4 ஃபைல்.’ நான் போட்ட ஃபைல்களையும் வந்த அடுக்கு மாறாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்! பென்சிலால் கேட்புச் சீட்டை நிரப்பினேன். ‘ஆய்வின் நோக்கம்’ என்று ஒரு கட்டம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘அப்பா’ என்று எழுதினேன். தம்பி வாங்கிப் பார்த்தார்.

“அம்மா, இதை ஏத்துக்க மாட்டாங்க. வற்றல் விலைன்னு எழுதிடுங்க.”

எழுதினேன்.